சராசரிக்குள் மறைந்திருப்பவர்கள்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொருளியலும் புள்ளிவிபரவியலும் படிக்கும் மாணவன் பேச வருகிறான் என்றதும் சிலர் கதவுப்பக்கம் பார்த்ததை நான் கவனியாமலில்லை. அஞ்சவேண்டாம்; சூத்திரம் ஒன்றேனும் எழுதமாட்டேன். நுளம்பைப் பற்றியும் மரணத்தைப் பற்றியுமே பேசப்போகிறேன்.

1934ஆம் ஆண்டில் தென்மேல் பருவமழை பொய்த்தது. வரட்சிக் காலத்தில் நமது மகாவலியைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் விளைவு விளங்கும். ஓட்டம் வற்றி, பாறைகளுக்கிடையே நீர் குட்டை குட்டையாகத் தேங்கி நிற்கும். அத்தகைய குட்டைகளே மலேரியாவைப் பரப்பும் நுளம்புக்குத் தொட்டில். கேகாலை, குருநாகல் பகுதிகளில் ஆற்றோரமெங்கும் சுரம் பரவி, சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. வரண்ட பகுதி மக்களுக்கு அது பழகிய நோய். ஈரவலயத்து மக்களின் உடலிலோ அதை எதிர்க்கும் சக்தி இருக்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20க்குச் சற்று மேலாக இருந்த மரண விகிதம், 1947இல் 14 அளவுக்கு இறங்கிற்று. உலகம் வியந்தது, மருந்தே காத்தது என்றார்கள். ஆனால் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவும் அது இருக்கலாமல்லவா? மலேரியா அரிதாயிருந்த இடங்களிலும் மரணம் குறைந்ததைப் பிரெடெரிக்சன் என்பவர் 1960ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். யுத்தத்தின் பின் உணவு நிலை சீர்ப்பட்டது, வைத்தியசாலைகள் பெருகின, புதிய மருந்துகள் வந்தன. எது எத்தனை உயிரைக் காத்தது என்று எப்படிப் பிரிப்பது?

பிரிக்க வழியிருந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று வைத்தியர்கள் இடந்தோறும் முன்னரே எழுதிவைத்திருந்தனர். அந்த எண்ணையும் மரணக் கணக்கையும் மாவட்டம் மாவட்டமாக அருகருகே வைத்து, வீக்கம் மிகுந்த இடத்தில் மரணம் எவ்வளவு கூடுதலாகக் குறைந்தது என்று பார்த்தார்கள். குறைந்ததில் 42 வீதம் மலேரியா ஒழிப்பினால் என்றார் பொருளியலறிஞர் பீற்றர் நியூமன். 1974இல் கிறே என்பவர் 23 வீதமே என்றார். (பரீட்சையில் நாங்கள் இப்படி இரண்டு விடை எழுதினால் ஒருவனுக்குப் பூச்சியம் நிச்சயம்!) ஆயினும் இருவர் கணக்கிலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு வேறு காரணங்களுக்கே உரியது. வரிப்பணத்தை மருந்துக்கா, உணவுக்கா, மருத்துவிச்சிகளுக்கா செலவிடுவது என்று யோசிப்பவருக்கு இது சின்ன விஷயமன்று.

1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். விழிப்புத் தளர்ந்தது. 1969இல் தொகை 5 இலட்சத்தைக் கடந்தது! மலேரியா அற்ற நாடு என்ற சான்று 2016இல்தான் கிடைத்தது.

இனி நம்மவர் கதை. உயர்ந்த தேயிலை மலைகளில் மலேரியா பெரிய கொலைகாரனாக இருந்ததில்லை, அங்கே டி.டி.ரி. தெளித்துக் காக்கக்கூடிய உயிர்கள் மிகச் சிலவே. உணவுப் பஞ்சம் வாட்டிய 1974இல், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் பிறப்புக்குச் சுமார் 51 சிசுக்கள் இறந்தன. தோட்டங்களில் மட்டும் அத்தொகை 100ஐத் தாண்டிற்று. 51 என்ற சராசரியை மட்டும் படித்தவருக்கு லயத்திலிருந்து எழுந்த அழுகுரல் கேட்டிராது. வறுமைக் கணக்கும் இப்படித்தான்: 2016இல் நாட்டுக்கு 4.1 வீதம், தோட்டங்களுக்கு 8.8 வீதம்.

தோட்டம் என்ற சொல்லுக்குள்ளும் ஒரு சராசரி ஒளிந்திருக்கிறது. பெருந்தெருவோரத் தோட்டமும், மூன்று மைல் மேலேயுள்ள டிவிசனும் ஒன்றாகுமா? வரும் விடுமுறையில் நமது வட்டாரத் தோட்டங்கள் சிலவற்றில் லயம் லயமாகச் சென்று, பீலிக்கு எத்தனை தூரம், வைத்தியசாலைக்கு எத்தனை தூரம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, பிழைத்தவை எத்தனை என்று எழுத எண்ணியிருக்கிறேன். தனியொருவனால் ஆகக்கூடிய வேலையன்று. கொப்பியும் பென்சிலும் நான் தருவேன். மலையேறக் காலில் வலுவுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.