வலி எவ்வளவு என்று கேட்பவர்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை விபத்து என்றால், எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்கிறோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை விபத்தின்போதும் அப்படித்தான் கேட்டோம். பிழைத்தவர்களின் வலியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

தீக்காயம் ஆழமாக இருந்தால், பெரும்பாலும் தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்துக் காயத்தில் ஒட்டுவார்கள். அதன்பிறகு பல நேரம், ஒட்டிய இடத்தைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகம் வலிக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு இது தெரியாது. பயிற்சி பெற்ற செவிலியருக்குத் தெரியும். அதனால் அவர் கேட்பார்: "அண்ணே, வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எவ்வளவு?" சொன்னதைக் குறித்துக்கொள்வார். மருந்து கொடுத்தபின் மறுபடியும் கேட்பார்.

கட்டு மாற்றுவதற்கு முன்பே, மருத்துவர் எழுதிய வலி மருந்தைக் கொடுத்துவிடுவார். பால் பொங்கி வழிந்த பிறகா அடுப்பைக் குறைக்கிறோம்? வலியும் அப்படித்தான். முற்றிய பிறகு அடக்குவது கடினம். முன்கூட்டியே அடக்க வேண்டும்.

வலி அடங்கினால்தான் நோயாளி விரலை மடக்கி நீட்டிப் பழகுவார். அசைக்காமல் விட்டால், வெந்த விரல் இறுகிவிடும். திரி செருகுகிற விரல் அது. அந்த வீட்டுக்குச் சோறு போடுகிற விரல். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதில் வீரம் எதுவும் இல்லை.

வலியைக் கேட்டறிந்து முன்கூட்டியே அடக்கும் இந்தப் பயிற்சி நம் மாவட்டத்தின் ஒவ்வொரு மருத்துவமனைச் செவிலியருக்கும் கிடைக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். "வலிக்குது சிஸ்டர்" என்று நீங்களே சொல்லுங்கள்.