பொறியாளர் சொன்ன தேதி, அமைச்சர் சொன்ன தேதி

துறையை அறிந்தவர் அமைச்சரானால் துறை செழிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதை உரசிப் பார்க்க, 1942இல் பெல்கிரேடில் பிறந்து 2021இல் மறைந்த செர்பியக் கட்டுமானப் பொறியாளர் மிலுதின் மிர்கோனிச்சின் வாழ்க்கை நல்ல உரைகல். ரயில்பாதை வடிவமைப்பில் வளர்ந்து, ‘சிப்’ என்னும் போக்குவரத்து வடிவமைப்பு நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்தவர் அவர். நாடு முழுக்க அவர் பெயரை அறிந்தது 1999இல்தான். அவ்வாண்டு மார்ச் 24இல் தொடங்கி 78 நாள் நீடித்த நேட்டோ குண்டுவீச்சில், நோவி சாத் நகரில் டான்யூப் மேலிருந்த மூன்று பாலங்களும் ஆற்றில் விழுந்தன. மறுகட்டுமான இயக்ககத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. நெடுஞ்சாலையின் பெஷ்கா பாலம் அந்தக் கோடையிலேயே தற்காலிகமாகச் சீரமைக்கப்பட்டது. 2000இல் நோவி சாத்தில் வரதின் பாலமும், ரயிலும் வண்டிகளும் செல்லும் ஒரு தற்காலிகப் பாலமும் எழுந்தன.

இவையெல்லாம் அப்போதைய யுகோஸ்லாவியக் குடியரசுத் தலைவர் மிலோசெவிச்சின் ஆட்சி செய்த தேர்தல் விளம்பரம் என்பார்கள். திறப்பு விழாக்களை அந்த ஆட்சி பயன்படுத்திக்கொண்டது உண்மைதான். ஆனால் மிலோசெவிச் வீழ்ந்த பிறகும் அந்தத் தற்காலிகப் பாலம் 2018 வரை ரயில்களைச் சுமந்தது. கட்டச் சொன்னவரின் நோக்கத்தைக் காட்டி கட்டியவர்களின் உழைப்பைத் தள்ளிவிட முடியாது. அந்த வேகம் எதனால் வாய்த்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பாதை முன்பே இருந்தது. நிலம் எடுக்க வேண்டியதில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருந்தது. திறமை மிர்கோனிச்சுடையது, சூழலோ போர் தந்தது.

2008இல் சோஷலிஸ்ட் கட்சி அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிறுத்தியது. ஏறத்தாழ 6 விழுக்காடு வாக்கே கிடைத்தாலும், பாலம் கட்டியவர் என்ற புகழ் அரசியல் முதலாகிவிட்டது. அதே ஆண்டு உள்கட்டமைப்பு அமைச்சரானார். 2013 வரை அமைச்சராக இருந்தார். ஹங்கேரி எல்லையிலிருந்து வடக்கு மாசிடோனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் செல்லும் ‘பத்தாம் வழித்தடம்’ அவருடைய பெரும்பணி. இங்கே நிலம் எடுக்க வேண்டியிருந்தது. உலக வங்கி, ஐரோப்பிய முதலீட்டு வங்கி ஆகியவற்றின் கடனோடு அவற்றின் ஒப்பந்த விதிகளும் வந்தன. தெற்கே கிர்தெலிட்சா பள்ளத்தாக்கில் மலைச்சரிவு பணியை இழுத்தடித்தது. அவர் முடிவுத் தேதிகளை அறிவித்தார், அவை தள்ளித் தள்ளிப் போயின. தெற்குக் கிளையும் கிழக்குக் கிளையும் 2019இல்தான் நிறைவுற்றன.

தாமதம் அவர் குற்றமா என்று கேட்பது நியாயமே. அவர் காலத்திலேயே 2011இல் இரண்டாம் பெஷ்கா பாலம் திறக்கப்பட்டது. பெல்கிரேடின் கசேலா பாலமும் செப்பனிடப்பட்டது. கடன் விதிகளையும் மண்ணின் தன்மையையும் எந்த அமைச்சராலும் மாற்ற முடியாது. தாமதத்துக்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. துறை அறியாத அமைச்சர் அதிகாரிகள் எழுதித்தந்த தேதியை வாசித்தால் மன்னிக்கலாம். சரியும் மலை எவ்வளவு காலம் கேட்கும் என்று கணித்து, அதை வாக்காளர் முன் துணிந்து சொல்லும் தகுதி மிர்கோனிச்சுக்கு இருந்தது. கணக்கைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் வாக்குறுதி தந்தார்.