கோணிய விரல்கள் தந்த ஒளி



வசதி வந்தபின் தொண்டு செய்வோம் என்று காத்திருப்போர் நம்மிற் பலர். நாம் கண்சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமியின் வாழ்க்கையை அறிதல் நன்று.

1918இல் தமிழ்நாட்டிலே வடமலாபுரம் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தவர் அவர். இளம் வயதிலேயே மூட்டுவாதம் அவரது விரல்களைக் கோணச் செய்தது. அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, 1 இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைச் செய்தார். அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறியதும், 1976இல் மதுரையில் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் கொடுத்த கட்டணம் ஏழைகளின் இலவச சிகிச்சைக்கு உதவியது.

ஆயினும், சிகிச்சை இலவசமென்றாலும் ஏழை வருவதில்லை. பஸ் கட்டணமும், உணவும், துணைக்கு வருபவர் இழக்கும் நாட்கூலியும் தடையாகின்றன. ஆகவே கிராமந்தோறும் முகாம் நடத்தி, நோயாளரை வாகனத்தில் அழைத்துச் சென்று, உணவளித்து, பார்வையுடன் வீடு சேர்க்கும் வழியை அவ்வைத்தியசாலை கைக்கொண்டது. 2006இல் அவர் மறைந்த பின்னும் அப்பணி நடைபெறுகின்றது.

இளைஞர்களே, கண்புரை சத்திரசிகிச்சையால் நீங்கக்கூடியது. அதனை அறியாது, முதுமையின் விதியென்று இருளில் அமர்ந்திருக்கும் பாட்டி நம் அயலிலும் இருக்கலாம். கத்தி பிடிக்க நம்மால் இயலாது. அவர் கையைப் பிடித்து வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல இயலும். அதற்கு என்ன வசதி வரவேண்டும்?