காதலும் கதைத் தலைவியும்

திருச்சானூரில் பத்மாவதித் தாயாரைச் சேவித்தவர்கள் அந்தத் திருமணக் கதையை அறிவார்கள். நாராயணவனத்து ஆகாசராஜனின் மகள் பூந்தோட்டத்திலே தோழியரோடு விளையாடுகிறாள். வேட்டையாடி வந்த சீனிவாசனை அவர்கள் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். பிறகு காதல் வளர்கிறது. வகுளமாலிகை தூது செல்கிறாள். குபேரனிடம் கடன் வாங்கிக் கலியாணம் நடக்கிறது. அதற்குமேல் கதை கடனைப் பற்றிப் பேசுகிறதே தவிர, மணமகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை! வழிபாட்டிலோ நிலைமை வேறு. அங்கே அவளுக்குத் தனிக் கோயில் உண்டு. கார்த்திகையில் தனிப் பிரம்மோற்சவமும் உண்டு.

இக்கதையைத் தெலுங்கில் ‘வேங்கடாசல மகாத்மியம்’ எனப் பாடியவர்களுள் ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டில் தரிகொண்டாவில் பிறந்த வெங்கமாம்பா. இளமையிலேயே கணவனை இழந்த அவர், மங்கலச் சின்னங்களைக் களைய மறுத்து, வேங்கடவனே தம் நாயகன் என்றார். ஊரார் ஏசினார்கள். அந்தக் காதல் அவரை முடக்கவில்லை, எழுத வைத்தது. திருமலையில் இரவு ஏகாந்த சேவையின்போது அவர் பெயரால் இன்றும் ஆரத்தி எடுக்கப்படுகிறது.

இனி, தமிழில் பெருவாரியாகப் படிக்கப்பட்ட கதைகளுக்கு வருவோம். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாயகி, மாமல்லரைக் காதலிப்பதற்கு முன்பே நாட்டியக் கலைஞர். காதல் அவளுக்கு ஒரு சபதத்தைத் தருகிறது, வாதாபி எரிகிறது. ஆனால் அதற்குள் மாமல்லர் பாண்டிய குமாரியை மணந்துவிட்டார். சிவகாமி ஏகாம்பரநாதரையே நாயகனாக வரித்துக்கொள்கிறாள். வெங்கமாம்பாவின் முடிவைப் போலத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றல்ல. முன்னவர் தாமே தேர்ந்த வழி அது. சிவகாமிக்கோ வேறு வழி எஞ்சவில்லை. அந்தக் கடைசிப் பகுதியின் அழகில் நாம் இதை மறந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

அதே கல்கி 1939இலேயே வேறொரு பெண்ணைப் படைத்தார். ‘தியாக பூமி’ ஆனந்த விகடனில் தொடர்கதையாகவும், கே. சுப்ரமணியம் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பின்னாளில் செல்வச் சீமாட்டியாகிறாள். சேர்ந்து வாழ வேண்டுமென்று அவன் வழக்குத் தொடுக்கிறான். அவள் மறுக்கிறாள், வேண்டுமானால் ஜீவனாம்சம் தானே தருவதாகச் சொல்கிறாள். அந்நாளில் இதைக் கேட்டு முகம் சுளித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

தொலைக்காட்சித் தொடர்களின் இயல்பு இன்னொரு விதம். திரைப்படத்தில் கலியாணம் பெரும்பாலும் கடைசிக் காட்சி. தொடரிலோ அது தொடக்கம். நாள்தோறும் ஒரு பகுதி வேண்டுமே! எனவே கணவன் மனம் மாற வேண்டும், மாமியார் சூழ்ச்சி செய்ய வேண்டும், நாயகி பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் பொறுமை தீர்ந்தால் தொடரும் தீர்ந்துவிடும். சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ்த் தொடரையும் தெலுங்குத் தொடரையும் ஒரே கூடத்தில் பார்க்கும் நம் வீட்டுப் பெண்கள், இந்த அச்சு மொழிக்கு மொழி மாறுவதில்லை என்பதை நன்கறிவர்.

2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான ‘கோலங்கள்’ இந்த அச்சிலிருந்து ஓரளவு விலகியது. அபி தன்னலம் மிகுந்த கணவனோடு வாழ்க்கை தொடங்கி, அவனைப் பிரிந்து, கட்டடத் தொழிலில் நிமிர்கிறாள். ஆண்டுக்கணக்கில் மக்கள் அவளைத் தொடர்ந்து பார்த்தது, அவள் கணவனிடம் திரும்புவாளா என்று அறிய மட்டுமன்று. எடுத்த கட்டடத்தை அவள் முடிப்பாளா என்று அறியவும்தான்.