நாற்காலிக்குப் போகும் அன்பளிப்பு



கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். “அங்கே எந்த அலுவலகத்திலும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை, ஃபாதர்” என்பார்கள். அதே மனிதர் விடுமுறையில் ஊருக்கு வந்து பட்டா மாற்றப் போகும்போது, மனுவோடு ஐந்நூறு ரூபாயையும் மடித்து வைக்கிறார். லஞ்சம் நம் இரத்தத்தில் ஊறியது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

சிங்கப்பூரின் போக்குவரத்து அமைச்சராக இருந்த எஸ். ஈஸ்வரன் நம் தமிழ் வழி வந்தவர். 2024 அக்டோபர் 3-ஆம் நாள் அவருக்கு 12 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. தொழிலதிபர்களிடமிருந்து கார்ப் பந்தய டிக்கெட்டுகள், மது பாட்டில்கள், ஒரு சைக்கிள் என்று 4 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் பெற்றுக்கொண்டார். அரசுத் தரப்பு கேட்டது ஆறேழு மாதம்தான். நீதிபதி அதைக் கூட்டிவிட்டார். பதிலுக்கு அமைச்சர் என்ன சலுகை செய்தார் என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை. தம் அலுவலோடு தொடர்புள்ளவரிடம் கைநீட்டியதே குற்றம். அது அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு.

அந்தப் பிரிவு எங்கிருந்து போனது தெரியுமா? 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து! எண்கூட மாறவில்லை. நம் நாட்டில் அது 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவாக இன்றும் இருக்கிறது. ஆனாலும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் 2024 பட்டியலில் சிங்கப்பூர் 3-ஆம் இடம், நாம் 96.

சிங்கப்பூரும் பிறவியிலேயே தூய ஊர் அல்ல. 1951-இல் அங்கே நடந்த அபின் கொள்ளையில் போலீசாரே சிக்கினார்கள். அதன் பிறகுதான், 1952-இல், காவல்துறைக்கு வெளியே தனிப் புலனாய்வு அமைப்பு பிறந்தது.

நம் பக்கம் வருவோம். தீபாவளிக்கு முந்தின வாரம் கம்பெனி வண்டிகளில் இனிப்புப் பெட்டிகள் புறப்படுகின்றன. சிலவற்றின் அடியில் கவர் இருக்கும். ‘அன்பளிப்பு’ என்று பெயர். அந்த அதிகாரி இடமாற்றலாகிப் போனால், அடுத்த ஆண்டுப் பெட்டி அவரைத் தேடிப் போகிறதா? போவதில்லை, புதிதாக வந்தவருக்குப் போகிறது. அன்பு மனிதர்மேல் இல்லை, நாற்காலிமேல்!

திருமுழுக்கு யோவானிடம் வரிதண்டுவோர் வந்தபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். அதே நாற்காலியில் நேர்மையாக உட்காருவது வேலையை விடுவதைவிடக் கடினம். சக்கேயு அதற்கும் மேலே போனார். யாரும் வழக்குப் போடவில்லை. தாமாகவே நான்கு மடங்கு திருப்பித் தர முன்வந்தார்.

கொடுப்பவர்களுக்கும் ஒன்று. 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. லஞ்சம் கொடுத்தாலும் ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்துவிட்டால் அவர்மேல் குற்றம் இல்லை. தனியாகப் போகப் பயமாக இருந்தால் உங்கள் பங்குத்தந்தையைத் துணைக்குக் கூப்பிடுங்கள். அவர் தயங்கினால், வானொலியில் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.