சாம்பல் நிறத்தின் அழகு



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய அமைப்பின் விழாவில் கான்கிரீட்டைப் பற்றி ஓர் உரை எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. சிமெண்டும் மணலும் ஜல்லியும் நீரும் சேர்ந்த ஒரு கலவைக்குக் கவிஞர்கள் கூடிய அவையில் என்ன வேலை? விடை தமிழ்க் கவிதைக்குள்ளேயே இருக்கிறது. நகரத்தைப் பற்றி எழுதப்பட்ட புதுக்கவிதைகளைப் புரட்டினால் 'கான்கிரீட் காடு' என்னும் தொடர் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்க்கப்பட்ட தொடர் அது. தமிழ் மரபில் காடு என்பது முல்லைக்கு நிலம். காத்திருத்தலுக்கும் கற்புக்கும் களம். அதனை வசைச்சொல்லாக்கியது இரவல் தொடர் ஒன்று. அத்தொடரை எழுதியவர்கள் காட்டையும் பார்க்கவில்லை, கான்கிரீட்டையும் பார்க்கவில்லை. ஒரு பொருளைப் பாராமலேயே அதன்மீது தீர்ப்பு எழுதுவது கவிதைக்கு அழகாகுமா என்பதே இவ்வுரையின் கேள்வி.

கான்கிரீட்டை நின்று பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் நிழற்படக் கலைஞர்கள்.

அவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் லூசியன் எர்வே. 1910-இல் ஹங்கேரியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். 1949-இல் மார்செய் நகருக்குச் சென்றார். அங்கே லெ கொர்புசியே என்னும் கட்டடக் கலைஞர் ஒரு மாபெரும் குடியிருப்பை எழுப்பிக்கொண்டிருந்தார். கட்டடம் முடிந்திருக்கவில்லை, அது முடிந்தது 1952-இல்தான். எர்வே ஒரே நாளில் ஏறத்தாழ 650 படங்களை எடுத்தார். அவற்றைக் கண்ட லெ கொர்புசியே, தம் கட்டடங்களைப் படமெடுக்கும் பணியை அவரிடமே ஒப்படைத்தார். 1965-இல் லெ கொர்புசியே மறையும் வரை அந்த உறவு நீடித்தது.

அந்தக் கட்டடத்தில் படமெடுக்க என்ன இருந்தது? கான்கிரீட்டின் மேல் பூச்சு இல்லை. கலவையை ஊற்றுவதற்காக அடிக்கப்பட்ட மரப்பலகைகள் அகற்றப்பட்டபின், அவற்றின் தடம் அப்படியே நின்றது. மரத்தின் நரம்பு, கணு, இரு பலகைகள் கூடிய இடத்தில் பால் கசிந்து இறுகிய கோடு, யாவும் தெரிந்தன. குறை என்று பலர் சொன்னதை மனித முகத்தின் சுருக்கங்களுக்கும் மச்சங்களுக்கும் ஒப்பிட்டார் லெ கொர்புசியே. எர்வேயின் கண்ணுக்கு அது நிழல் தங்கும் நிலமாகியது. சாய்ந்த வெயில் படும்போது பலகைத் தடம் ஒவ்வொன்றும் ஒரு வரியாக எழும். உச்சி வெயிலில் அதே சுவர் வெறும் சுவராகிவிடும். எடுத்த படத்தையும் அவர் அப்படியே விடவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி, வேண்டாததை நீக்கி, ஒரு விளிம்பும் ஒரு நிழலும் மட்டும் எஞ்சும்வரை குறைத்தார். சொல்லைக் குறைத்துக் குறைத்துக் கவிதைக்கு வரும் கவிஞர்களுக்கு இந்தக் கத்தரிக்கோல் புரியும்.

கறுப்பு வெள்ளை நிழற்படத்துக்கும் கான்கிரீட்டுக்கும் இயல்பாகவே ஓர் உறவு உண்டு. ஒளியை அளக்கும் ஒளிமானி, தன்முன் இருப்பதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டே கணக்கிடுகிறது. 18 விழுக்காடு ஒளியைத் திருப்பித் தரும் சாம்பல் அட்டையை அதற்கு அளவுகோலாகக் கலைஞர்கள் வைத்திருந்தார்கள். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் நடுவிடம் அது. சாம்பல் என்றால் உயிரற்றது என்று கவிதை கருதியது. எல்லா நிறத்தையும் அளப்பதற்கான தொடக்கம் என்று நிழற்படக்கலை கருதியது.

எர்வே பார்த்தது ஒரு மேதையின் கட்டடம். அன்றாடப் பொருளைப் பார்க்கக் கற்றுத் தந்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன் பெக்கர், ஹில்லா பெக்கர் என்னும் கணவன் மனைவியர். 1959 தொடங்கிப் பல பத்தாண்டுகள் அவர்கள் படமெடுத்தவை நீர்த்தொட்டிகள், குளிர்விப்புக் கோபுரங்கள், தானியக் களஞ்சியங்கள், சுரங்கத்து மேற்கட்டுமானங்கள் போன்றவையே. செங்கல், எஃகு, கான்கிரீட் என்று பொருள் எதுவாயினும் முறை ஒன்றே. வானம் மூட்டமாக இருக்க வேண்டும்; நிழல் விழக்கூடாது; பொருள் நடுவில் நேராக நிற்க வேண்டும். பிறகு ஒரே வகைப் பொருளின் படங்களை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டினார்கள். தனியே பார்க்கும்போது ஒரு நீர்த்தொட்டி நீர்த்தொட்டிதான். ஒன்பதை ஒருசேரப் பார்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்துவிடுகிறது. 1990-இல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குப் பொற்சிங்க விருது கிடைத்தது. நிழற்படம் எடுத்தவர்களுக்கு அவ்விருது சிற்பத்துக்காக வழங்கப்பட்டது. சிற்பி பெயர் அறியப்படாத சிற்பங்களை அவர்கள் கண்டுபிடித்துத் தந்தார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அந்தக் கண்ணோடு தமிழ்நாட்டு ஊர் ஒன்றைச் சுற்றிவந்தால் படத்துக்குரியவை எத்தனை! ஊர் எல்லையில் முதலில் தெரிவது கோபுரமாக இருந்த காலம் உண்டு. இன்று பல ஊர்களில் மேல்நிலை நீர்த்தொட்டி. பம்புசெட்டின் அருகே நீர் விழுந்து வாய்க்காலுக்குத் திரும்பும் தொட்டி. அதன் விளிம்பு, குளித்தவர்களும் துவைத்தவர்களும் உராய்ந்து வழவழப்பாகியிருக்கும். கிணற்றில் இறக்குவதற்காக வெயிலில் அடுக்கி வைத்த உறைகள். வளையத்துக்குள் வளையமாக நிழல். மாலையில் ஆண்கள் அமர்ந்து ஊர்க்கதை பேசும் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர். இரயில் நிலையத்து இருக்கை. சன்னலுக்குப் பதிலாகச் சுவரில் பதித்த கான்கிரீட் ஜாலி. அதன் வழியே காலை வெயில் தரையில் போடும் கோலம் நாள்தோறும் சிறிது நகரும். புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற சாளரங்கள் இருந்தன என்று இளங்கோ கண்டு சொன்னார். அந்தச் சாளரத்தின் ஏழைப் பேத்திதான் ஜாலி.

கட்டுவோரின் தொழிலைக் கவிதை பார்ப்பது தமிழுக்குப் புதிதும் அன்று. நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனையை வருணிக்கத் தொடங்கும்போது, அது எழுந்த விதத்திலிருந்தே தொடங்குகிறார். கதிரவன் உச்சியில் நிற்க, நட்ட கோல்களின் நிழலைக் கொண்டு திசையறிந்து, நூலறிந்தவர்கள் நுட்பமாகக் கயிறு பிடித்து மனை வகுத்த செய்தி அதில் வருகிறது. கட்டடத்தின் முதல் வேலை நிழலைப் பார்ப்பது என்பதை அந்தப் புலவர் அறிந்திருந்தார். இன்று கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் மட்டப்பலகையும் கரணையும் இருக்கின்றன. அச்சொற்கள் கவிதைக்குள் எவ்வளவு வந்திருக்கின்றன?

பொருளைச் சற்று நெருங்கி அறிந்தால் வியப்பு மிகும். கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. சிமெண்ட் நீரோடு வேதிமுறையில் கூடித்தான் கல்லாகிறது. அதனால்தான் தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டி நீர் நிறுத்துகிறார்கள். தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைக்கிறார்கள். நீர் வற்றினால் வலிமை குன்றும். 28 நாள் கடந்தபின் இருக்கும் வலிமையையே பொறியாளர் கணக்கில் கொள்கின்றனர். வறட்சியின் சின்னமாகக் கவிதை கண்ட பொருள், நீர் குடித்து வளர்ந்த பொருள். அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் அதுவும் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன. அந்த ஒற்றுமை இல்லையேல் கோடை ஒன்றிலேயே இரண்டும் பிரிந்துவிடும். இவ்விணைப்பின் முன்னோடிகளுள் ஒருவரான ழோசஃப் மோனியே ஒரு பிரெஞ்சுத் தோட்டக்காரர். 1867-இல் அவர் காப்புரிமை பெற்றது பூந்தொட்டிகளுக்காக.

பயன் என்னும் சொல்லுக்கு இங்கே கனம் அதிகம். கீற்றுக்கூரையின் குளிர்ச்சியைப் பாடிய கவிதைகள் தமிழில் பல. அக்குளிர்ச்சி பொய்யன்று. ஆயினும் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்துக் கீற்றில் பற்றிய தீ, வகுப்பறையின் கீற்றுக்கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதன்பிறகே பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த இரவில், கூரைவீட்டு மக்கள் ஓடி ஒதுங்கியது பள்ளிக்கூடங்களிலும் புயல் பாதுகாப்புக் கட்டடங்களிலும்தான். தீப்பிடிக்காத, பறந்துபோகாத ஒரு கூரை வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் போதும் என்று உழைப்பவர்கள் இருக்கும் நாட்டில், அக்கூரையைக் 'காடு' என்று இகழ்வது யாருடைய குரல்? ஏற்கெனவே அக்கூரையின் கீழ் இருப்பவரின் குரல் அது.

இவ்வளவும் சொன்னதால் நிழற்படம் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று ஆகாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிநீர் பெறும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வெளியே நின்று எடுத்த படத்தில் அது எல்லா ஊர்த் தொட்டிகளையும் போன்றே நிற்கும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் வெளிமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். முந்திய நாள் எடுத்த படத்தில் அதுவும் நிமிர்ந்த கட்டடமாகவே இருந்திருக்கும். சாம்பல் நிறத்துக்கு உள்ளே இருப்பது ஒளிமானிக்கு எட்டாது.

கட்டியவர்களும் படத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. எர்ன்ஸ்ட் ஷைடெகர் என்னும் சுவிஸ் கலைஞர் 1956-இல் சண்டிகரில் எடுத்த படங்களில் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அந்நகரின் கான்கிரீட்டில் பெரும்பகுதி தலைச்சுமையாக ஏறியது; சுமந்தவர்களில் பெண்கள் மிகுதி. நகரை வரைந்த லெ கொர்புசியேயின் பெயரை உலகம் அறியும். சுமந்தவர்களின் பெயரை எந்தக் கட்டடக்கலை வரலாறும் சொல்வதில்லை. தமிழ்நாட்டிலும் தளம் போடும் நாளில் சும்மாடு கட்டிய சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றும் காட்சியைக் காணலாம். கலவை இறுகுவதற்குள் சேர வேண்டும். ஆகவே அந்த வரிசை நிற்பதில்லை. அந்த வேகத்தில் ஒரு தாளம் உண்டு. தளம் முடிந்து பலகை பிரித்தபின் அங்கே எஞ்சுவது பலகையின் தடம்; கையின் தடம் இல்லை.

ஆற்றின் பக்கமும் சொல்லப்பட வேண்டும். கான்கிரீட்டுக்காக அள்ளிய மணலால் பாலாறும் காவிரியும் பள்ளமாயின. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்ட் ஆக்குவதில் வெளியேறும் கரிவளி, உலகில் மனிதர் வெளியிடும் மொத்தக் கரிவளியில் 7 முதல் 8 விழுக்காடு. கவிஞரின் சினத்துக்கு இங்கே நியாயமான இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சினம் 'கான்கிரீட் காடு' என்ற இரண்டு சொற்களில் அடங்கிவிட்டால், மணலை அள்ளியவரும் தப்பிவிடுகிறார். கம்பியைக் குறைத்தவரும் தப்பிவிடுகிறார். சுமந்தவள் மட்டும் மறைந்துபோகிறாள். பொத்தாம்பொதுவான வசை குற்றவாளிக்கு நல்ல நிழல்.

எனவே கவிஞர்களின் முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, நிழற்படக் கலைஞரிடமிருந்து கற்க வேண்டியது: தீர்ப்புக்கு முன் பார்வை. எந்தச் சுவர், எந்த ஊர்த் தொட்டி, எந்த நேரத்து வெயில் என்று கவிதை சொல்லத் தொடங்க வேண்டும். மற்றொன்று, நிழற்படத்தால் முடியாதது: சாம்பல் நிறத்துக்குள் புகுந்து அங்கே இருக்கும் நீரையும் இரும்பையும் கூலியையும் வஞ்சனையையும் பெயர் சொல்லி அழைப்பது. முதல் வேலையைச் செய்யாதவருக்கு இரண்டாவது கைகூடாது.

பல வீடுகளின் வாசற்படியில், கலவை ஈரமாக இருந்தபோது யாரோ விரலால் எழுதிய ஆண்டு ஒன்று இருக்கும். அருகிலேயே ஒரு கோழியின் கால்தடமோ நாயின் கால்தடமோ பதிந்திருக்கும். எழுதியவர் கொத்தனாராக இருக்கலாம், வீட்டுக்காரராக இருக்கலாம், அந்த வீட்டுக் குழந்தையாக இருக்கலாம். அதுவும் எழுத்துத்தான். அதன் மேல் நடந்து போகிறவர்கள் ஒருநாள் குனிந்து வாசிப்பார்களானால், கான்கிரீட்டைப் பற்றிய முதல் நல்ல வரி தமிழில் கிடைத்துவிடும்.

இலக்கிய வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக் கவிதைகளில் அத்தகைய வரிகள் பெருகட்டும்.