அளந்து செய்த கார்

(பெற்றோர் கூட்டத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பரிசளிப்பு விழா மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். மாதிரிக் கார் செய்வதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதோ, அந்த நீண்ட மேசையில் வரிசையாக நிற்கின்றனவே, அட்டையாலும் பலகையாலும் ஐஸ்கிரீம் குச்சியாலும் நம் பிள்ளைகள் செய்த கார்கள், அவற்றைப் பற்றித்தான்.

பிள்ளைகள் இதைச் செய்யத் தொடங்கிய நாளில் ஒரு தகப்பனார் என்னைக் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டார். "வாத்தியாரே, பையன் வீடெல்லாம் அட்டையை வெட்டிக் குப்பை போடுறான். கார் பொம்மை செஞ்சா நாளைக்குச் சோறு கிடைக்குமா?" அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. உழைத்துக் களைத்த மனிதர் கேட்க வேண்டிய கேள்விதான். நின்ற இடத்தில் இரண்டு வார்த்தையில் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். பொம்மைக் கார் வேறு, மாதிரிக் கார் வேறு. நான்கு சக்கரமும் ஒரு கூரையும் இருந்தால் பொம்மைக் கார் ஆகிவிடும். மாதிரிக் காருக்கு அளவு வேண்டும். உண்மையான கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் நீளம், அகலம், உயரம், சக்கரம், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்ய வேண்டும். ஒன்று சுருங்கி இன்னொன்று சுருங்காமல் போனால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும்.

எங்கள் வகுப்பில் எடுத்துக்கொண்டது மோரிஸ் மைனர் கார். இங்கே இருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். ஒரு காலத்தில் மலாயாச் சாலைகளில் எங்கு பார்த்தாலும் ஓடிய கார் அது. அதன் நீளம் சுமார் 376 சென்டிமீட்டர். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை சுமார் 218 சென்டிமீட்டர். நாங்கள் தேர்ந்தெடுத்தது இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு. 376ஐ 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 15.7. 218ஐ வகுத்தால் ஏறக்குறைய 9.1. ஆக, கார் ஒரு சாண் நீளம்கூட வராது, உள்ளங்கையில் அடங்கிவிடும்.

இருபத்து நான்கு என்று ஏன் வைத்தார்கள் தெரியுமா? பழைய அடி, அங்குலக் கணக்கில் பாருங்கள். ஓர் அடிக்குப் 12 அங்குலம். அதில் இருபத்து நான்கில் ஒரு பங்கு அரை அங்குலம். நிஜக் காரில் ஓர் அடி இருந்தால் மாதிரியில் அரை அங்குலம். அடிக்கோல் வைத்திருக்கும் எவரும் மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

இப்போது ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். விகிதக் கணக்கு என்றாலே தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்க்கிற பையன். "அவனுக்குப் படிப்பு ஏறாது சார், அஞ்சாங் கிளாஸ் தாண்டுனா போதும்" என்று வீட்டிலேயே முடிவு கட்டி வைத்திருந்தார்கள். கார் செய்யும்போது அவனுடைய நண்பன் ஒருவன் பானப் பாட்டில் மூடிகளைச் சக்கரமாக மாட்டினான். இவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "சார், இது சரியில்ல சார். லோரிச் சக்கரம் மாதிரி இருக்கு" என்றான். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டேன். அடிக்கோலை எடுத்து மூடியை அளந்தான். குறுக்களவு சுமார் 3 சென்டிமீட்டர். 24ஆல் பெருக்கினான்; 72 வந்தது. மோரிஸ் மைனரின் சக்கரம் டயரோடு சேர்த்தே சுமார் 60 சென்டிமீட்டர்தான். பிறகு 60ஐ 24ஆல் வகுத்து, "ரெண்டரை சார்" என்றான். பழைய ரப்பர் சிலிப்பரிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் நான்கு வட்டம் வெட்டி, சைக்கிள் கம்பியில் கோத்து மாட்டினான்.

அடுத்த சோதனையில் அவன் முதலாவதாக வந்தான் என்று சொன்னால் அது பொய். ஆனால் விகிதம் என்றால் என்ன என்று இன்று அவனிடம் கேட்டால் தரையைப் பார்க்க மாட்டான். உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வான். கரும்பலகையில் நான் பல வாரம் எழுதியும் புரியாதது, ஒரு சிலிப்பர் துண்டில் அவனுக்குப் புரிந்தது. ஏறாத படிப்பு என்று நாம் எழுதிவிட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி ஒரு வழிக்காகக் காத்திருக்கிறார்களோ, சற்று எண்ணிப் பாருங்கள்.

சரி, அளந்தபடியே செய்துவிட்டால் போதுமா? நம் சொந்த எண்ணத்திற்கு அதில் இடமில்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். இடம் உண்டு. அதற்கும் மோரிஸ் மைனரே சாட்சி. இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர். 1948ஆம் ஆண்டில் லண்டனில் கார் வெளியிடப்படுவதற்கு முன், மாதிரி வண்டி தயாராகி நின்றபோது, அது ஒடுக்கமாக இருப்பதாக அவர் கண்ணுக்குப் பட்டது. உடனே காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பார்வைக்குச் சரியாக வந்த இடத்தில் நிறுத்தினார். கூடின அகலம் 4 அங்குலம். பழைய படங்களில் உற்றுப் பாருங்கள். முன் மூடியின் நடுவில் தட்டையான ஒரு பட்டை நீளமாக ஓடும். அந்த 4 அங்குலத்தின் அடையாளம் அது. அந்தக் கார் பிற்காலத்தில் 10 லட்சத்திற்கும் மேல் விற்பனையானது.

நம் மாதிரியில் அந்த 4 அங்குலம் எவ்வளவு? நான்கு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். இதை மறந்துவிட்டுச் செய்தவர்களின் கார் ஒல்லியாகத் தெரிந்தது. ஏன் என்று அவர்களே அளந்து கண்டுபிடித்தார்கள். மாணவர்களே, இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொள்ளுங்கள். அளவு தெரிந்தவனுக்குத்தான் அளவை மாற்றவும் உரிமை உண்டு. முதலில் உள்ளது உள்ளபடி செய்யுங்கள். பிறகு உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள்.

இந்த முறையை மாதிரிக் கார் செய்கிறவர்கள் வெகுகாலமாகப் பின்பற்றுகிறார்கள். அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்னும் நிறுவனம் 1958ஆம் ஆண்டில் ஒரே பெட்டிக்குள் மூன்று விதமாகச் செய்யக்கூடிய பாகங்களை வைத்து விற்றது. கடையில் விற்கும் காரைப்போல் அப்படியே செய்யலாம்; விருப்பம்போல் அலங்கரித்துச் செய்யலாம்; பந்தயக் காராகவும் செய்யலாம். நம் பள்ளி மாணவி ஒருத்தி, மோரிஸ் மைனரிலேயே மரச் சட்டம் வைத்த ஒரு வகை உண்டு என்று படத்தில் பார்த்துவிட்டு, தன் காரின் பின்பகுதியை ஐஸ்கிரீம் குச்சிகளால் மாற்றிக் கட்டியிருக்கிறாள். குச்சியின் கனம் 2 மில்லிமீட்டர் என்றால் நிஜக் காரில் அது 48 மில்லிமீட்டர் மரமாகும் என்று கணக்குப் போட்டு, அது தடிப்பாகத் தெரியும் என்று சேண்ட் பேப்பரால் பாதியாகத் தேய்த்திருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடையில் பிளாஸ்டிக் பாகங்கள் பெட்டியாகக் கிடைக்கின்றனவே, அதை வாங்கித் தரவில்லையே என்று எந்தப் பெற்றோரும் வருந்த வேண்டாம். உலகம் அறிந்த தமியா நிறுவனம் ஜப்பானில் ஷிசுவோகா நகரில் 1946ஆம் ஆண்டில் மர அறுவை ஆலையாகத்தான் தொடங்கியது. மரத்தில் மாதிரிகள் செய்து பழகி, 1960ஆம் ஆண்டில்தான் பிளாஸ்டிக் மாதிரிக்கு வந்தது. நம் பிள்ளைகள் விரும்பி ஓட்டுகிற சிறிய மோட்டார் பந்தயக் கார்களை 1982ஆம் ஆண்டில் வெளியிட்டதும் அதே நிறுவனந்தான். மரத்திலும் அட்டையிலும் தொடங்குவது குறைவல்ல.

இனி, மாணவர்களுக்குச் சில குறிப்புகள். வெட்டுவதற்கு முன் இரண்டு முறை அளந்துகொள்ளுங்கள். பசை காயும்வரை கையை எடுத்துக்கொண்டு பொறுமையாக இருங்கள். ஒட்டிய இடத்தைத் தேய்த்துச் சமன்படுத்தாமல் சாயம் பூசாதீர்கள். சாயம் பள்ளத்தை மறைக்காது, காட்டிக் கொடுக்கும். ஒரே பூச்சில் தடிமனாக அடித்தால் வழியும். மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். மழை நாளில் ஸ்ப்ரே சாயம் அடிக்காதீர்கள். சாயத்தில் உள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து, பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். வெயில் நாளில், வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க அடியுங்கள். கத்தியைப் பிடிக்கும்போதும் அப்படியே.

அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். சோறு கிடைக்குமா? சிலருக்குக் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டு முதல் 1968ஆம் ஆண்டுவரை, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் ஃபிஷர் பாடி கைவினைஞர் சங்கம் சிறுவர்களுக்குப் போட்டி நடத்தியது. முதலில் ஓர் அரச ரதத்தின் மாதிரியைச் செய்ய வேண்டும். பிறகு பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், தாங்களே கற்பனை செய்த காரைச் செய்ய வேண்டும். வென்றவர்களுக்குப் பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவித்தொகை. 1947ஆம் ஆண்டில் அப்படி வென்ற சக் ஜோர்டன், பிற்காலத்தில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானார். அந்தப் போட்டியில் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. நம் மேசையில் இருக்கிறது.

ஆனால் எல்லோரும் சக் ஜோர்டன் ஆகிவிட மாட்டார்கள். நான் உங்களுக்கு ஆசை காட்ட வரவில்லை. என் பதில் வேறு. பால் மரம் சீவுகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் கனத்தைக் கண்ணாலும் கையாலும் நிதானித்து, இருட்டோடு இருட்டாக எத்தனை நூறு மரம் சீவியிருப்பீர்கள்! அந்தக் கைக்கு யாராவது பரிசு கொடுத்தார்களா? அதைப் படிப்பு என்று யாராவது சொன்னார்களா? உங்கள் கையில் இருக்கும் அந்த நிதானந்தான் உங்கள் பிள்ளையின் கையிலும் இருக்கிறது. அட்டையை வெட்டும்போது அது வெளியே வருகிறது. அதோடு கணக்கும் சேர்ந்துவிட்டால், அவன் பட்டறைக்குப் போனாலும், தொழிற்கல்லூரிக்குப் போனாலும், பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அது அவனைக் கைவிடாது.

ஆகவே பெற்றோர்களிடம் நான் கேட்பது மூன்றே மூன்று. வீட்டில் ஒரு மூலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். பாதி செய்த வேலையைக் குப்பை என்று கூட்டித் தள்ளாதீர்கள். இரண்டாவது, போட்டியில் வெல்ல வேண்டும் என்பதற்காக நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். கோணலாக இருந்தாலும் அது அவன் கோணல். அடுத்த காரில் அவனே நிமிர்த்துவான். மூன்றாவது, வாரத்தில் ஒரு மாலை அவன் பக்கத்தில் உட்காருங்கள். "என்ன அளவுப்பா இது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். இன்று மேடையேறிப் பரிசு பெறும் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். அவர்கள் உழைத்தார்கள், பெறுகிறார்கள். அதே வேளையில், ஆறு ஆண்டு படித்தும் இந்த மேடையில் ஒரு முறைகூடக் கால் வைக்காமல் போகிற பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. அடுத்த ஆண்டு முதல் கைவேலைக்கென்று ஒரு பரிசு வையுங்கள். பெரிய கோப்பை வேண்டாம். ஓர் அடிக்கோலும், ஒரு பெட்டிப் பென்சிலும் போதும். செலவு சில வெள்ளிதான். அதை வாங்க ஏறி வரும் பிள்ளையின் முகத்தை, கீழே உட்கார்ந்திருக்கும் அவன் தாயும் தகப்பனும் ஒரு முறை பார்க்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள். அந்த மேசைப் பக்கம் போய், உங்கள் பிள்ளை செய்த காரைக் கையில் எடுத்துப் பாருங்கள். எப்படிச் செய்தாய் என்று அவனிடமே, அவளிடமே கேளுங்கள். நீங்கள் கேட்பதற்காகவே அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.